நாலரைக் கோடி இலக்க எண்

யோகேஸ்வரனின் படம் ஞாயிறு பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தபோது அதை வெட்டியெடுத்துப் பாடசாலையில் ஒட்டியவள் கேத்ரின்தான். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் கணித ஆசிரியை. பத்தாம் ஆண்டையும் பதினோராம் ஆண்டையும் பிரிக்கிற பலகைத் தட்டியில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று இரண்டு பத்திரிகை வாங்கி ஒட்டினாள். ஹட்டன் ஆசிரியர் ஒருவர் உலகிலேயே மிகப் பெரிய முதன்மை எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார், அதுவும் கணினி இல்லாமல், தாளும் பேனாவும் கொண்டே நிரூபித்துவிட்டார் என்று செய்தி சொன்னது.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் முதன்மை எண். ஏழு, பதின்மூன்று, நூற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும், முடிவு கிடையாது. அதனால் இதுவரை தெரிந்ததைவிடப் பெரிய ஒன்றை யாராவது எப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்போது தெரிந்திருந்த மிகப் பெரியதில் நாலு கோடிக்கு மேல் இலக்கங்கள். ஏராளமான கணினிகள் சேர்ந்து தேடிப் பிடித்தது. யோகேஸ்வரன் சொன்ன எண்ணில் நாலரைக் கோடி இலக்கங்கள். அதை முழுதாக எழுதிப் பார்க்க யாராலும் ஆகாது, சுருக்கிச் சொல்வது மட்டும் சுலபம். பதினைந்து கோடியை ஒட்டிய ஒரு முதன்மை எண்ணை எடுத்து, இரண்டை அத்தனை தடவை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் அதுதான் அவருடைய எண்.

அவர் வட்டவளைப் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, பேராதனையில் படித்து, ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மாடியில் உயர்தரக் கணித வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் படித்து இஞ்சினியர் ஆனவர்கள் கொழும்பிலும் கட்டாரிலும் இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அவர் கட்டணம் கேட்டதில்லை. கேத்ரினுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மூத்தவர். முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரை ஒன்றும் விளங்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவள் பெட்டி கட்டிய நாளில், பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தையெல்லாம் தமிழில் திருப்பிச் சொல்லி நிறுத்தி வைத்தவர் அவர். அன்றிலிருந்து அவருக்கு அவள் வாயில் யோகண்ணே என்றுதான் பெயர்.

பாராட்டு விழாவை நல்லமுத்து பொறுப்பெடுத்தார். ஹட்டனில் ஹார்ட்வெயர் கடை வைத்திருப்பவர், ஒரு நலன்புரிச் சங்கத்தின் தலைவர், மண்சரிவென்றாலும் மரண வீடென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். பாடசாலைக்கு வந்து கேத்ரினைப் பார்த்தார். அந்த எண்ணின் பெருமை சனங்களுக்கு விளங்குகிற மாதிரி மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டும், யோகேஸ்வரன் சேர் உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்றார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். பிரதியமைச்சர் ஒருவர் வருகிறார். யோகேஸ்வரனின் பெயரில் ஓர் உயர்தரக் கணிதப் பிரிவை, அதற்கான கட்டடத்தோடு, இந்தப் பாடசாலையிலேயே ஆரம்பிப்பதாக அறிவிக்கப் போகிறார்.

கேத்ரின் அதற்காகப் பல வருடமாக மனு எழுதிக் களைத்திருந்தாள். பாடசாலையில் பதினோராம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டுமானால் ஹட்டனுக்குப் போக வேண்டும். காலை பஸ் தோட்டத்துக்குள் வராது. மழை பிடித்தால் மண் சரிந்து பாதை மூடிக்கொள்ளும். பொடியன்கள் கொஞ்சப் பேர் ஸ்டேஷன் வரை நடந்து, ரயில் பிடித்துப் போய்ப் படித்தார்கள். பொம்பளைப் பிள்ளைகள் பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை முடித்த கையோடு கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். அந்த வருடம் கணிதத்தில் ஏ எடுத்த கிருஷாந்திகூட, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுடைய அம்மா காளியாயி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நல்லமுத்து சொன்ன செய்தியைக் கேட்டு அன்று மாலை கேத்ரின் முதலில் போய்ச் சொன்னது காளியாயியிடம்தான்.

பேச்சைத் தயாரிக்க அடுத்த சனிக்கிழமை பாடசாலைக்கு வந்தாள். வெளியே விடாத மழை. யோகேஸ்வரன் அனுப்பிய நாலு பக்க நிரூபணத்தை வரிவரியாகப் படித்தாள். அவர் ஒரு பழைய சோதனையை எடுத்திருந்தார். ஓர் எண் முதன்மை எண்ணாக இருந்தால், இரண்டை அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, வருவதை அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி ஒன்று வர வேண்டும். தன்னுடைய எண்ணுக்கு மீதி ஒன்றுதான் வருகிறது என்பதை எதையும் பெருக்கிப் பார்க்காமல், வெறும் தர்க்கத்தாலேயே காட்டியிருந்தார். நாலரைக் கோடி இலக்கத்தை நாலு தாளுக்குள் மடக்கிவிட்டாரே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

சனங்களுக்கு இதைச் சொல்ல ஒரு சின்ன உதாரணம் தேவை. பதினொன்றை எடுத்தாள். இரண்டைப் பதினொரு தடவை பெருக்கினால் 2048. ஒன்றைக் கழித்தால் 2047. யோகேஸ்வரனின் சோதனையை அதற்குப் போட்டதும் மீதி ஒன்று வந்தது. இனி இந்த எண் எதாலும் வகுபடாது என்று கரும்பலகையில் செய்து காட்டினால் போதும். மூன்றால் வகுத்துப் பார்த்தாள், போகவில்லை. ஏழு போகவில்லை, பதினொன்றும் பதின்மூன்றும் போகவில்லை. பதினேழு, பத்தொன்பது என்று வந்து இருபத்து மூன்றால் வகுத்தபோது, மீதி எதுவும் இல்லாமல் எண்பத்தொன்பது வந்து நின்றது.

கை தவறிவிட்டது என்று நினைத்துத் திருப்பிப் பெருக்கினாள். இருபத்து மூன்று தர எண்பத்தொன்பது, 2047 தான்.

நிரூபணத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். யோகேஸ்வரனின் கணக்கில் எங்கும் கை தவறவில்லை. தவறு கடைசி வரியில் இருந்தது. முதன்மை எண்கள் எல்லாம் அந்தச் சோதனையில் தேறும். அதற்காக, தேறுவதெல்லாம் முதன்மை எண் ஆகிவிடாது. ஹட்டன் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் காலை ரயிலில் ஏறுகிறார்கள் என்பதால், ரயிலில் இருப்பவர்கள் எல்லாரும் வகுப்புக்குப் போகிறவர்கள் என்று சொல்ல முடியுமா? அதைவிட மோசம், அவர் எடுத்த வகை எண்கள் ஒன்றுவிடாமல் எல்லாமே அந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது அவருடைய நிரூபணத்திலிருந்தே தெரிந்தது. வகுபடுகிறதும் தேறும், வகுபடாததும் தேறும்.

ஆனாலும் நிரூபணம் பிழை என்பதால் எண் பிழை என்று ஆகாது. அந்த எண் உண்மையாகவே முதன்மை எண்ணாக இருந்துவிடலாம் அல்லவா? அப்படி இருக்க வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். 2047ஐ உடைத்தது இருபத்து மூன்று. பதினொன்றை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் இருபத்து மூன்று. அது ஏன் என்று யோசித்தாள். பதினொன்றுக்குப் பதில் இருபத்து மூன்றை எடுத்துச் செய்தாள். எண்பத்து மூன்று இலட்சத்துச் சொச்சம் வந்தது, அதை நாற்பத்தேழு மீதியில்லாமல் வகுத்தது. எல்லா எண்ணுக்கும் இது நடக்காது; நாலால் வகுத்தால் மூன்று மீதி வருகிற சில எண்களுக்குத்தான் நடக்கும். பதினைந்து கோடியை ஒட்டிய யோகேஸ்வரனின் எண்ணை நாலால் வகுத்தாள். மீதி மூன்று.

திங்கட்கிழமை பாடசாலைக் கணினியில் பதினைந்து கோடியை ஒட்டிய அந்த எண்ணை இரட்டித்து, ஒன்றைக் கூட்டி, அது நாலரைக் கோடி இலக்க எண்ணை வகுக்கிறதா என்று பார்த்தாள். முழு எண்ணையும் எழுதத் தேவையில்லை. வர்க்கம் எடுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் முப்பது படிக்குள் முடிந்துவிடும். வகுத்தது. கணினியை நம்பாமல் கையாலும் செய்தாள், அதற்கு இரண்டு மாலைப்பொழுது போனது. முடிவு மாறவில்லை. உலகமே பார்த்திராத அளவு பெரிய அந்த எண்ணை, ஒன்பதே இலக்கமுள்ள ஓர் எண் மீதியில்லாமல் வகுத்தது. பத்திரிகையில் செய்தி வந்து மூன்று வாரம் ஆகியும் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. படித்துப் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு நமக்கென்ன என்று இருந்தார்களா, அது அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை வகுப்பு முடிகிற நேரம் பார்த்து ஹட்டனுக்குப் போனாள். யோகேஸ்வரன் கையில் சோக்குத் தூளோடு அவளைப் பார்த்துச் சிரித்தார், பேச்சு எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். அவள் 2047 எழுதிய தாளை நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, சின்ன எண்களில் இப்படி ஒன்றிரண்டு தப்பு வரும், பெரிய எண்ணுக்கு அது பொருந்தாது என்றார். அவள் இரண்டாவது தாளைக் கொடுத்தாள். அவர் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்துப் படிப்படியாகத் தானே செய்துகொண்டு போனார். பாதி வழியில் அவருடைய கை வேகம் குறைந்தது. கடைசிப் படியைச் செய்யாமலே பேனாவை மூடிவிட்டார்.

"யார்கிட்ட சொன்ன?" என்று கேட்டார்.

"யார்கிட்டயும் இல்ல யோகண்ணே. நீங்களே பத்திரிகைக்கு எழுதுங்க. அதுதான் முறை."

அவர் எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு, விழாவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, பிரதியமைச்சரின் கையெழுத்துக்குக் கடுதாசி போய்விட்டது என்றார். அந்தக் கணிதப் பிரிவு அவளுக்குத்தானே வேண்டும், அவளுடைய பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்டார்.

"கட்டடம் வரட்டும் கேத்ரின். கல்லு வச்சதுக்கப்புறம் நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரு இத வகுத்துப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே" என்றாள் கேத்ரின்.

றொசல்லயில் இறங்கி மேலே ஏறும்போது அவளுக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபத்தில் வந்த அழுகை இல்லை. அவர் சொன்ன யோசனை அவளுக்கும் பிடித்திருந்தது, அதுதான் காரணம். கல் வைக்கும் வரை சும்மா இருந்தால் யாருக்கு நஷ்டம்? கிருஷாந்தி வீட்டிலிருந்து இறங்கி நடந்தே பள்ளிக்கூடம் வந்து ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில், யோகேஸ்வரனின் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு நிரூபணம் என்றால் என்னவென்று அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அவளுடைய யோசனை நின்றுபோனது. அது தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை நல்லமுத்து வீட்டுக்கு வந்தார். யோகேஸ்வரன் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கேத்ரினின் கணவன் றிச்சர்ட் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறவன். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லமுத்து குரலை உயர்த்தவில்லை.

"இருநூறு வருசமா நம்மள கூலிக்காரன்னு சொன்னவன் எல்லாம் இன்னைக்கு அந்தப் பத்திரிகைய பாத்துட்டு வாயடச்சு நிக்கிறான் டீச்சர். நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்திருக்கான். அவன நம்ம கையாலயே இழுத்துப் போடணுமா?"

"நான் யாரையும் இழுத்துப் போடலங்க. அவரு கணக்குல ஒரு பிழை இருக்கு. அதக் கண்டுபிடிச்சதும் நம்ம ஆளுதானே? அத ஏன் நீங்க பெருமையா நினைக்க மாட்டேங்கிறீங்க?"

நல்லமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். அப்படியானால் அவள் விழாவுக்கு வர வேண்டாம், காய்ச்சல் என்று தான் சொல்லிவிடுவதாகச் சொன்னார். தனக்குக் காய்ச்சல் இல்லை, அழைப்பிதழில் பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் தெரிந்ததைத்தான் சொல்வேன் என்றாள் அவள். வாசலில் செருப்பை மாட்டும்போது நல்லமுத்து றிச்சர்ட்டின் தோளைத் தொட்டு, நீங்கள் பேசிப் பாருங்கள் என்றார். றிச்சர்ட் தலையாட்டினான்.

கதவைச் சாத்திவிட்டு அவன் அவளைப் பார்த்தான். "நான் சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"அப்ப எதுக்கு வீணா" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நல்லமுத்துவுக்கும் அவன் எதுவும் சொல்லியனுப்பவில்லை. அதனால் றிச்சர்ட் மனைவியைச் சமாதானப்படுத்திவிட்டான் என்றே நல்லமுத்து ஞாயிறு காலை வரை நம்பிக்கொண்டிருந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. உடப்புசல்லாவையிலிருந்துகூட வான் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். காளியாயி நல்ல சேலை உடுத்தி, மகளோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். யோகேஸ்வரனுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பிரதியமைச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடையின் ஓரத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. அடுத்ததாக கேத்ரின் டீச்சர் அந்த எண்ணைப் பற்றி விளக்குவார் என்று அறிவித்தார்கள்.

அவள் யோகேஸ்வரனைப் பற்றித்தான் முதலில் பேசினாள். அவரிடம் படித்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றதும் மண்டபத்தில் பாதிக் கைகள் உயர்ந்தன. இவர் இல்லையென்றால் நான் டீச்சர் ஆகியிருக்க மாட்டேன் என்று சொன்னாள். கைதட்டல் அடங்கியதும் முதன்மை எண் என்றால் என்னவென்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் 2047 என்று பெரிதாக எழுதினாள். இந்த எண்ணும் சேருடைய சோதனையில் தேறுகிறது என்றாள். பிறகு எல்லாரையும் ஃபோனை எடுக்கச் சொன்னாள். இருபத்து மூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கிப் பாருங்கள் என்றாள்.

நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். வரிசை வரிசையாக வெளிச்சம் முகங்களில் பட்டது. பின் வரிசையில் யாரோ எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். அதைத் தொடர்ந்து முணுமுணுப்புக் கிளம்பியது. அவர்களுக்கு விளங்கிவிட்டது என்பதைக் கேத்ரின் மேடையில் இருந்தே பார்த்தாள். தேறியதால் மட்டும் ஓர் எண் முதன்மை எண் ஆகிவிடாது, சேருடைய எண்ணும் அப்படித்தான், அதை வகுக்கிற எண் இதோ என்று சொல்லி ஒன்பது இலக்கத்தையும் எழுதத் தொடங்கியபோது மைக் நின்றுவிட்டது. நல்லமுத்து மேடைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வகுப்புக்கு மைக் வைத்து யாரும் பாடம் நடத்துவதில்லை. அவள் ஒன்பது இலக்கத்தையும் எழுதி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்க பள்ளிக்கூடத்துக்குக் கணிதப் பிரிவு வேணும்னு நான் எத்தனையோ வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கும் கேக்கிறேன். ஆனா வகுபட்டுப்போன ஒரு எண்ணுக்குப் பரிசா எங்களுக்கு அது வேணாம். படிக்கிறதுக்குப் பிள்ளைங்க இருக்காங்க. அந்த ஒரு காரணம் போதும்."

யாரும் கை தட்டவில்லை. முன் வரிசையில் ஒருவர் எழுந்து, இவளை இறக்குங்கள் என்றார். பிரதியமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். அறிவிப்பு எதுவும் வரவில்லை. யோகேஸ்வரன் மட்டும் பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படியில் இறங்கும்போதும் அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமாக இருந்தன. பொறாமைக்காரி என்று முகநூலில் எழுதினார்கள். அவள் கிறிஸ்தவள் என்பதைக் குத்திக்காட்டி, வேதக்காரி, அதனால்தான் இப்படிச் செய்தாள் என்றும் ஒருவர் எழுதினார். கிடைக்கவிருந்த கட்டடத்தைக் கெடுத்தவள் என்று பாடசாலைச் சுவரில் கரியால் எழுதியிருந்தது. அதிபர் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பக்கத்து லயத்துச் சுதர்ஷினி, தினமும் குழாயடியில் சிரித்துப் பேசுகிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கேத்ரின் எதற்கும் பதில் எழுதவில்லை. சுவரில் இருந்ததை மட்டும் தானே தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். தட்டியில் ஒட்டிய யோகேஸ்வரனின் படத்தைக் கிழிக்கட்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். கிழிக்கக் கூடாது என்றாள். படத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண் எப்படி வகுபட்டது என்பதை எழுதி ஒட்டினாள்.

ஒரு மாதம் கழித்து அதே பத்திரிகையின் உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கு மேலே, சின்னதாக ஒரு திருத்தம் வந்தது. யோகேஸ்வரன் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். தான் அறிவித்தது முதன்மை எண் அல்ல, தன் முடிவு தவறு, தவறைக் கண்டுபிடித்தவர் ஆசிரியை கேத்ரின், அவருடைய கணக்கைத் தான் சரிபார்த்ததாக எழுதியிருந்தார். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு சொல் இல்லை. அவருடைய மாடியில் அந்தப் பாடசாலைத் தவணையில் வாங்குகள் சில காலியாகக் கிடந்தன என்று பேசிக்கொண்டார்கள்.

திருத்தம் வந்த மறுநாள், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியபடியே காளியாயி பாடசாலைக்கு வந்தாள். அவள் சண்டைக்கு வருகிறாள் என்றே கேத்ரின் நினைத்தாள்.

"கட்டடம் இல்லாட்டி சொல்லிக் குடுக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் காளியாயி.

சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் பாடசாலைக்குள் ஏ.எல். நடத்த அனுமதி இல்லை, வேறு இடமும் இல்லை என்று கேத்ரின் சொன்னாள். இடம் இருக்கிறது என்றாள் காளியாயி. தோட்டத்தில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டிய பிறகு பழையது பூட்டிக் கிடந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போன காலத்தில் அவர்கள் எல்லாரும் புழங்கிய இடம். அந்த வாரம் காளியாயியும் இன்னும் சில தாய்மாரும் சேர்ந்து போய்க் தோட்ட மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் திறப்புச் சாவி கேட்டார்கள். தோட்டத்து மேலாளர் தொரையைக் கேட்க வேண்டும் என்றார் அவர். கேளுங்கள், அதுவரை நாங்கள் கூட்டிப் பெருக்கி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, தாய்மார் கதவைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். தொரை என்ன சொன்னார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திருப்பி மாட்டச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

பிற்பகலில் பாடசாலை விட்டதும் வகுப்பு ஆரம்பமானது. கிருஷாந்தியோடு ஆறு பேர் வந்தார்கள். நாலு பேர் பொம்பளைப் பிள்ளைகள். பாடசாலைப் பெயரில் பரீட்சை எழுத முடியாவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எழுதலாம் என்று கேத்ரின் விசாரித்து வைத்திருந்தாள். தூய கணிதம் அவளுக்குக் கைவந்தது. விசைகளும் இயக்கமும் வருகிற பிரயோக கணிதத்தில் அவள் தட்டுத் தடுமாறினாள். முந்தைய நாள் தானே படித்துவிட்டு வந்து மறுநாள் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் கேட்ட சில கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னாள்.

ஒரு பௌர்ணமி போயா விடுமுறையன்று காலை யோகேஸ்வரன் வந்தார். குடையை மடக்கிக் கதவில்லாத வாசலில் சாய்த்து வைத்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கேத்ரின் பலகையின் பக்கத்திலிருந்து விலகி நின்றாள். அவர் பலகையில் இருந்த கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உம்மேல இன்னும் எனக்குக் கோவம் போகல" என்றார். "இந்த உராய்வு விசைய நீ தலகீழா போட்டிருக்க. சோக்கக் குடு."

அவள் சோக்கைக் கொடுத்தாள். அன்று மத்தியானம் வரை அவர்தான் பாடம் நடத்தினார். அடுத்த விடுமுறைக்கும் வந்தார். விழாவைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் மட்டும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, சின்ன எண் ஒன்றைப் போட்டுப் பார்க்க எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று அவர் கேட்டார். சனங்களுக்கு விளக்க வேண்டி வந்ததால்தான் தனக்கே தோன்றியது, இல்லாவிட்டால் தானும் பார்த்திருக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் அதை யோசித்துக்கொண்டே ரயில் ஏறினார்.

வகுப்பு தொடங்கி ஏழெட்டு மாதத்தில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. யாரோ முறைப்பாடு எழுதியிருந்தார்கள். அரசாங்க ஆசிரியை ஒருவர் அனுமதி இல்லாத இடத்தில், பாடசாலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரையும் வைத்துக்கொண்டு உயர்தர வகுப்பு நடத்துகிறார் என்பது முறைப்பாடு. யோகேஸ்வரன் ஒரு மூலையில் பிள்ளை ஒன்றின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. யாருடைய அனுமதியில் நடக்கிறது என்று அதிகாரி கேத்ரினிடம் கேட்டார்.

யாருடைய அனுமதியும் இல்லை என்றாள் அவள்.

அப்படியானால் தான் அறிக்கை எழுத வேண்டியிருக்கும், இடமாற்றம்கூட வரலாம் என்று அதிகாரி சொன்னார். மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை, சங்கடப்பட்டுத்தான் சொன்னார். கேத்ரின் அவருக்கு உட்கார ஒரு வாங்கைத் தள்ளிக் கொடுத்தாள்.

"எழுதுங்க சேர். இங்க கணிதம் படிக்க ஆறு பேர் இருக்காங்கன்னு முதல் வரியில எழுதுங்க. நாங்க மனுவுல எழுதினத நீங்க நம்பல, உங்க அறிக்கையில இருந்தா நம்புவாங்க. என்னைய மாத்தினா மாத்துங்க, வகுப்பு பிற்பகல்லதானே, நான் பஸ் ஏறி வருவேன்."

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அறிக்கை எழுதினாரா, எழுதியிருந்தால் அது எந்த மேசையில் கிடக்கிறது என்பது தெரியாது. இடமாற்றம் வரவில்லை. கணிதப் பிரிவும் வரவில்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி நடுவில் கல்யாணமாகிப் போனாள். மீதி ஐந்து பேர் பரீட்சை எழுதினார்கள். மூன்று பேர் சித்தியடைந்தார்கள், கிருஷாந்தி பல்கலைக்கழகத்துக்குப் போகிற அளவுக்கு எடுத்திருந்தாள். பெறுபேறு வந்த வாரத்தில் நல்லமுத்து தன் கடைப் பொடியனிடம் ஒரு கதவும் இரண்டு கீல்களும் கொடுத்தனுப்பினார், கூடவே செய்தி எதுவும் சொல்லியனுப்பவில்லை. தாய்மார் கதவை மாட்டினார்கள். பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தொகுதிக்குப் பதினொரு பேர் வந்து நின்றார்கள், உட்கார வாங்கு போதவில்லை. கேத்ரின் அவர்களை நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.